காட்டுவதும் காப்பதும்

மனிதன் பிறரோடு கூடி வாழப் பிறந்தவன். தன்னைப் பிறர் அறிய வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு இயல்பு. அதே மனிதன்தான் வீட்டுக்குக் கதவு வைக்கிறான். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுகிறான். அறியப்படவும் வேண்டும், மறைவும் வேண்டும் என்னும் இவ்விரு விருப்பங்களும் ஒரே வேரிலிருந்து எழுபவை. எதை, யாருக்கு, எவ்வளவு காட்டுவது என்பதைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்பதே அந்த வேர். அந்தரங்க உரிமை என்று நாம் சொல்வது அதைத்தான். முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்ட இந்நாளில் அவ்வுரிமையை எவ்வாறு காப்பது? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

"சமூக வலைத்தளங்களை விட்டு விலகிவிடு" என்று அறிவுரை கூறுவது எளிது. மாணவருக்கு அது பொருந்தாது. வகுப்பு அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது. வேலை பற்றிய செய்தி லிங்க்ட்இன்னில் வருகிறது. நம் மன்றத்தின் பொங்கல் விழா அழைப்பும் இன்ஸ்டாகிராமில்தான் வருகிறது. ஆதலின், உள்ளே இருந்துகொண்டே நம்மைக் காத்துக்கொள்ளும் வழியை ஆராய்வோம். என் ஊர் கோலார் தங்கவயல். அவ்வூரின் வரலாற்றில் இப்பொருளுக்கு ஏற்ற இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

விரல்ரேகை தரும் பாடம்

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிருவாகத்தில் தங்கவயல் சுரங்கங்கள் வளர்ந்தன. வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர், பிழைப்புத் தேடி வந்து 'லைன்' என்னும் வரிசை வீடுகளில் குடியேறினர். அவர்கள் சுரங்கத்திலிருந்து மேலே வந்தால், தங்கம் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று உடலைச் சோதிப்பார்கள். அந்த இழிவைப் பொறுத்துக்கொண்ட தொழிலாளர்கள், 1930-ஆம் ஆண்டில் ஒன்றைப் பொறுக்க மறுத்தார்கள். எல்லாத் தொழிலாளரின் விரல்ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதை எதிர்த்து வேலை நிறுத்தம் எழுந்தது. ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது நீடித்தது.

விரலை மையில் ஒற்றி எடுப்பதால் வலியில்லை, கூலியும் குறைவதில்லை. பின் ஏன் எதிர்த்தார்கள்? சற்று எண்ணிப் பாருங்கள். பெயரை மாற்றிச் சொல்லலாம்; ஒரு சுரங்கத்தில் வேலை போனால் வேறொரு சுரங்கத்தில் கேட்கலாம். ரேகையை மாற்ற முடியாது. அது ஏட்டில் ஏறிவிட்டால், ஏட்டை வைத்திருப்பவர் எந்த நாளிலும் எந்த இடத்திலும் ஒருவனை இன்னான் என்று அடையாளம் காணலாம். அந்த ஏடு யார் கையில் இருக்கும்? எதற்காக? எத்தனை காலம்? ஒருவரைப் பற்றிய செய்தியைத் திரட்டும் எவரிடமும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இவை. அன்று வற்புறுத்திக் கேட்டும் நம் முன்னோர் கொடுக்க மறுத்ததை, இன்று நாம் முகமாகவும் இடமாகவும் நட்பாகவும் கேளாமலே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேள்விகள் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் படியேறின. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, விரல்ரேகையைத் திரட்டும் ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். ஆதார் திட்டம் 2018-இல் சில வரம்புகளோடு ஏற்கப்பட்டது; ஆயினும் உரிமை நிலைபெற்றது.

சுவடு தரும் பாடம்

இரண்டாம் பாடம் பௌதிகத்தில் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக் கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைக் கண்டறிந்தனர். நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. எந்தக் கருவியிலும் அது நேரே தென்படாது. எப்போதேனும் ஒன்று பாறையில் மோதினால் மியூவான் என்னும் துகள் பிறக்கும். அந்த மியூவான் கருவியில் சுவடு விட்டுச் செல்லும். அத்தனை ஆழத்துக்கு வானிலிருந்து வரும் மற்ற மியூவான்கள் பெரும்பாலும் செங்குத்தாகவே வந்து சேரும். பக்கவாட்டில் வர வேண்டுமானால் அவை துளைக்க வேண்டிய பாறை மிகமிக அதிகம். எனவே பக்கவாட்டில் ஒரு சுவடு தெரிந்தால், அதை விட்டுச் சென்றது நியூட்ரினோ ஈன்ற மியூவானே என்று துணியலாம்.

பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை; சுவடு தெரிந்தது; அதுவே போதுமாயிற்று. சமூக வலைத்தளங்களில் நம் நிலையும் இதுவே. நாம் சொன்னதை மட்டும் கொண்டு நம்மை அறிவதில்லை. நாம் சொல்லாததைச் சுவடுகளிலிருந்து கணிக்கிறார்கள். 2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கோசின்ஸ்கி முதலானோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாமே முன்வந்த 58,000 அமெரிக்கர்களின் முகநூல் 'லைக்'குகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். கறுப்பினத்தவரா வெள்ளை இனத்தவரா என்பதை 95 விழுக்காடும், ஆணா பெண்ணா என்பதை 93 விழுக்காடும், இரு பெருங்கட்சிகளில் எதைச் சார்ந்தவர் என்பதை 85 விழுக்காடும் சரியாகக் கணிக்க முடிந்தது. ஒரு பாடகரையோ பலகாரத்தையோ விரும்புவதாக ஒரு பொத்தானை அழுத்தியதைத் தவிர அக்கணிப்புக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

இதை நம் நாட்டில் வைத்துப் பாருங்கள். "நான் என் சாதியை எங்கும் எழுதவில்லை" என்று ஒருவர் சொல்லலாம். ஊர்ப் பெயர், லைன் பெயர், கோயில் அல்லது தேவாலயத் திருவிழாப் படம், வீட்டுச் சுவரில் மாட்டிய தலைவரின் படம், வாழ்த்துச் சொல்லும் உறவினரின் பெயர்கள் ஆகியவை சேர்ந்து எழுதாததை எழுதிவிடுகின்றன. வாடகைக்கு அறை தேடும்போது, பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு முகம் மாறும் வீட்டுக்காரர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இப்போது அவர் கேட்கவும் வேண்டியதில்லை. செல்போனில் தேடினால் போதும். இதனால் ஊரை மறைக்க வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. நான் தங்கவயல்காரன் என்பதை எந்த அவையிலும் சொல்வேன். நானே தலை நிமிர்ந்து சொல்வது வேறு. எவனோ ஒருவன் எனக்குத் தெரியாமல் என் சுவடுகளைக் கூட்டிக் கணக்கிடுவது வேறு.

இதைச் சோதித்துப் பார்க்க, நண்பர் ஒருவரின் சம்மதம் பெற்று, அவருடைய பொதுக் கணக்கை மட்டும் நாங்கள் மூவர் அரைமணி நேரம் ஆராய்ந்தோம். நண்பர்களின் வாழ்த்திலிருந்து பிறந்த நாள் கிடைத்தது. குடும்பப் படத்தில் சேர்த்த பெயரிலிருந்து தாயார் பெயர் கிடைத்தது. எப்போதோ இரத்த தானம் வேண்டி இட்ட வேண்டுகோளில் செல்போன் எண் இருந்தது. ஊர்காம் நிலையத்தில் நின்ற ரயிலின் ஜன்னல் படங்கள், அவர் எந்தக் கிழமைகளில் எந்த வண்டியில் போகிறார் என்பதைக் காட்டின. விடுமுறைப் பயணப் படங்கள் அறை எப்போது பூட்டிக் கிடந்தது என்பதைக் கூறின. இவற்றுள் தனியே எடுத்தால் எதுவும் இரகசியம் இல்லை. சேர்த்துப் பார்த்தபோது, வங்கிக்காரர் என்று பொய் சொல்லிப் பேசுகிறவனுக்கு வேண்டியதும், ஒரு பெண்ணைப் பின்தொடர நினைப்பவனுக்கு வேண்டியதும் அதில் முழுமையாக இருந்தன.

சாவி பிறர் கையிலும் உண்டு

நாம் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதுமா? போதாது. 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் இதற்குத் தக்க சான்று. குணநலன் கூறும் ஒரு செயலி முகநூல் வழியே பரவியது. அதைப் பயன்படுத்தியவர்களின் செய்திகளோடு, அவர்களுடைய நண்பர்களின் செய்திகளையும் அது திரட்டிக்கொண்டது. இந்தியாவில் அச்செயலியை ஏற்றியவர்கள் 335 பேர். அதனால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் சுமார் 5,62,000 பேர் என்று முகநூல் நிறுவனமே கூறியது. அந்த 335 பேரைத் தவிர மற்றவர்கள் செய்தது என்ன? நண்பராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

கர்நாடகத்தில் வாழும் தமிழ் மாணவர் மறக்கக் கூடாத நிகழ்ச்சி ஒன்று 2016 செப்டம்பரில் நடந்தது. காவிரி நீர் பற்றிய உச்ச நீதிமன்ற ஆணையால் இரு மாநிலங்களும் கொதித்திருந்த நேரம். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் கன்னட நடிகர்களைக் கேலி செய்து முகநூலில் பதிவிட்டார் என்று ஒரு கும்பல் அவரைத் தேடிப் பிடித்து அடித்தது. மன்னிப்புக் கேட்க வைத்தது. அதைப் படம் பிடித்துப் பரப்பியது. அப்படம் தமிழ்நாட்டில் சினத்தை மூட்டியது. அங்கே கர்நாடகத்தவர் சிலர் தாக்கப்பட்டனர். அந்தப் படங்கள் இங்கே பரவின. செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன.

இதில் குற்றவாளி யார்? அடித்தவர்களே, ஐயமில்லை. கேலி எழுதியவனை அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. ஆனால் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. தன் கூட்டத்துக்கென ஒருவன் எழுதியதை வேறு கூட்டம் வேறு கண்ணோடு படிக்கிறது. அவன் முகமும் கல்லூரியும் அங்கேயே கிடைக்கின்றன. பிறகு, ஒரு படத்தை அனுப்பிய ஒவ்வொரு விரலும் நெருப்புக்கு ஒரு சுள்ளியைச் சேர்க்கிறது. "பகலில் பக்கம் பார்த்துப் பேசு; இரவில் அதுவும் பேசாதே" என்பது பழமொழி. வலைத்தளத்தில் பக்கமும் தெரிவதில்லை. பகலும் இரவும் இல்லை.

சட்டம் எவ்வளவு காக்கும்?

தமிழ்நாட்டில் எழுந்த ஒரு வழக்கு இதற்கு முன்னோடி. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயன்றதில் தோன்றிய ராஜகோபால் வழக்கில், ஒருவரின் குடும்பம், திருமணம், கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கும், சர்ச்சையில் தாமே வலிய நுழைந்தவருக்கும் அது விலக்கு அளித்தது. 2023-இல் பாராளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒரு விலக்கை வைத்திருக்கிறது. ஒருவர் தம்மைப் பற்றிய செய்தியைத் தாமே பொதுவில் வெளியிட்டால், அச்செய்திக்கு அச்சட்டம் பொருந்தாது. 'எல்லாரும் பார்க்கலாம்' என்ற பொத்தானை அழுத்தும்போது, அச்சட்டத்தின் காவலையும் நாமே அனுப்பி விடுகிறோம் என்பதை நினைவில் கொள்க.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கெடுப்பு. உங்கள் பெயரையும் செல்போன் எண்ணையும், எந்தக் கணக்கிலும் நுழையாத நிலையில், இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்நியன் காண்பது அதுதான். பள்ளி நாட்களில் தொடங்கி மறந்துபோன கணக்குகளை மூடிவிடுங்கள். தேவையற்ற செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்.

இரண்டாவது, வட்டம் வகுத்தல். குடும்பம், நெருங்கிய நண்பர், வளாகம், உலகம் என நான்கு வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு பதிவும் எந்த வட்டத்துக்கு என்று முடிவு செய்தபின் வெளியிடுங்கள். முகநூலில் பழைய பொதுப் பதிவுகளை எல்லாம் ஒரே முறையில் நண்பர் மட்டும் காணுமாறு சுருக்கலாம். இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தனியாருக்கு உரியதாக மாற்றலாம். வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தையும் ஸ்டேட்டஸையும் யார் காணலாம், நம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை வரையறுக்கலாம்.

மூன்றாவது, இடமும் காலமும். இருக்கும் இடத்தை அங்கே இருக்கும்போது அறிவிக்காதீர்கள். கிளம்பிய பின் படம் போட்டாலும் படம் அழகாகவே இருக்கும். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு அன்றாடம் ரயிலேறும் தோழியருக்கு இது மிக வேண்டியது. கேமராவில் லொக்கேஷன் பதிவை அணைத்து வையுங்கள். படத்தைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடமும் உடன் போகக் கூடும்.

நான்காவது, பூட்டு. ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் திருடுபோனாலும் காக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வைக்க வேண்டும். ஓ.டி.பி.யை எவர் கேட்டாலும், அவர் என்ன பதவிப் பெயர் சொன்னாலும், கொடுக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒரு கேள்வி. 'இது என் பெயரோடு, முன்பின் வாசகம் இன்றி, எனக்கு வேண்டாதவர் கையில் ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடைத்தால் என்ன ஆகும்?' என்று எண்ணுங்கள். இது வாய்ப்பூட்டு அன்று. நியாயம் என்று தோன்றுவதைப் பெயரோடு சொல்லும் துணிவு மாணவருக்கு வேண்டும். கேலிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டா. கொள்கைக்காகப் பேசும்போது தெரிந்தே பேசுங்கள்.

ஆறாவதுதான் தலையானது: பிறர் படத்தையும் எண்ணையும் துயரத்தையும் கேளாமல் அனுப்பாதீர்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக் கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அவரை அடையாளம் காட்டும் முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து பரவியது. சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கசியவிட்டவர் யாராயினும் ஆகுக. கசிந்ததைப் பரப்பிய கைகள் எத்தனை? பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆவது பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். "செய்தி உண்மையா என்று கேட்பதற்காகத்தான் அனுப்பினேன்" என்ற சமாதானம் அவர் வடுவை ஆற்றாது.

தீங்கு நேர்ந்தால்

ஒருவரின் படத்தைத் திரித்தோ திருடியோ எவனாவது மிரட்டினால், பயந்து எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. நாளும் நேரமும் கணக்கின் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முறையிடலாம். 1930 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். விரல்ரேகைப் பதிவை எதிர்த்து எங்கள் ஊரார் எழுந்த ஆண்டும் அதே 1930 ஆதலால், எனக்கு அந்த எண் மறப்பதில்லை. நீங்களும் அவ்வாறே நினைவில் வைக்கலாம். அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்றொரு ஏற்பாடும் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் செல்போனிலேயே அப்படத்திலிருந்து விரல்ரேகை போன்ற ஓர் எண்கோவை கணக்கிடப்படுகிறது. அக்கோவை மட்டும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. அதனோடு பொருந்தும் படத்தை அவை தம் தளங்களில் தடுக்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன், பாதிக்கப்பட்டவரிடம் "ஏன் படம் போட்டாய்?" என்று கேட்காத ஒரு நண்பர் வேண்டும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

நம் மன்றத்தின் ஏடு

முடிக்கு முன் நம் மன்றத்துக்கு ஒரு சொல். நாமும் ஓர் ஏடு வைத்திருக்கிறோம். உறுப்பினராகச் சேரும்போது பெயர், சொந்த ஊர், பிறந்த தேதி, இரத்த வகை, செல்போன் எண் எல்லாம் எழுதி வாங்குகிறோம். பிறகு அப்பட்டியல் யாரோ ஒருவரின் செல்போனில் இருக்கிறது. குழுவிலிருந்து குழுவுக்குப் போகிறது. வேற்று மாநிலத்தில் படிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் மாணவ மாணவியரின் பெயரும் ஊரும் எண்ணும் ஒரே தாளில் இருப்பது, அமைதியான நாளில் வசதி. 2016 செப்டம்பர் போன்ற நாளில் ஆபத்து.

ஆதலின், அடுத்த பொதுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்மொழிய விரும்புகிறேன். தேவையற்ற விவரத்தைக் கேட்பதை நிறுத்துவோம். பட்டியல் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும். ஆண்டு முடிந்ததும் அதை அழித்துவிடுவோம். விழாப் படங்களை, அதில் உள்ளவர் இசைந்த பின்னரே பொதுவில் இடுவோம். ஒரு மாலைப் பொழுதில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் கணக்கை மற்றவர் அந்நியர் கண்ணால் பார்த்துக் குறை கூறுவோம். யார் கையில், எதற்காக, எத்தனை காலம் என்று 1930-இல் கேட்கத் தகுந்த கேள்விகளை, முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.